விசையும் மின்னும் – 14: கடன் திரும்பி வந்த ஆண்டு

இதுவரை நாம் பார்த்ததைச் சுருக்கினால் அது ஒரு கடன் கணக்காக வந்து நிற்கிறது.

1853-இல் வில்லியம் தாம்சன், லேடன் ஜாடியிலிருந்து பாயும் மின்சாரம் ஓடி முடிந்ததும் நின்றுவிடுவதில்லை, எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது என்று கணக்கால் காட்டினார். ஊசலுக்கு எழுதும் அதே சமன்பாடு. 1868-இல் சர் வில்லியம் குரோவ் ஒரு மின்சுற்றுப் புதிரைச் சொல்ல, மாக்ஸ்வெல் அதை நிறையும் ஸ்பிரிங்குமாக மாற்றி எழுதி ஓரிரவில் அவிழ்த்தார். 1900-இல் மைக்கேல் பூப்பின், மணிகள் கோத்த நூல் எப்படி அதிரும் என்ற லக்ராஞ்சின் பழைய கணக்கிலிருந்து தொலைபேசிக் கம்பிக்கு வைத்தியம் கண்டார்: குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு தூண்டுச்சுருள். அதே வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்த ஜார்ஜ் கேம்பெல், அப்படிச் சுருள் செருகிய கம்பி ஓர் எல்லைக்கு மேற்பட்ட அதிர்வெண்களை உள்ளே விடுவதில்லை என்று கவனித்தார். அந்தக் குறையையே கருவியாக்கினார். அதுதான் மின் வடிகட்டி.

இந்தக் கணக்கில் கொடுத்தது முழுவதும் இயந்திரவியல். வாங்கியது முழுவதும் மின்னியல்.

காரணம் எளிது. நிறையைத் தூக்கிப் பார்க்கலாம், ஸ்பிரிங்கை அழுத்திப் பார்க்கலாம். மின்சாரத்தைப் பார்க்க வழியில்லை. கைக்குத் தெரிந்ததை வைத்துக் கண்ணுக்குத் தெரியாததைப் பிடித்தார்கள்.

1925-இல் கணக்கு திசை மாறியது. கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஓர் இயந்திரத்தைச் சரிசெய்ய வழி தெரியாமல் அதன் முதலாளிகள் தவித்தார்கள். வழி சொன்னவர்கள் தொலைபேசிக்காரர்கள்.

*

நாய்ப் படம் போட்ட கம்பெனி

நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் இருந்தது விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி. கிராமபோன் முன்னால் தலை சாய்த்துக் கேட்கும் நாய், நம் வீடுகளில் எச்.எம்.வி. தட்டுகளில் பார்த்துப் பழகிய அதே நாய், அமெரிக்காவில் இவர்களுடைய சின்னம். 1921-இல் மட்டும் ஏறத்தாழ 5.5 கோடி தட்டுகள் விற்றார்கள்.

1920 நவம்பர் 2 அன்று பிட்ஸ்பர்க்கின் கே.டி.கே.ஏ. நிலையம் அதிபர் தேர்தல் முடிவுகளை வானொலியில் வாசித்தது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் ரேடியோ பெட்டி வீட்டுக்கு வீடு நுழைந்தது. பாட்டுக்குக் காசு இல்லை. ஊசி மாற்ற வேண்டாம், சாவி கொடுக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல ரேடியோவில் வந்த குரல் தட்டில் வந்த குரலைவிட மனிதக் குரலாக இருந்தது.

விக்டரின் தலைவர் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் கிராமபோனுக்கு ஸ்பிரிங் மோட்டார் செய்து கொடுத்துத் தொழிலுக்குள் வந்த மெக்கானிக். ரேடியோ அவருக்குப் பிடிக்கவில்லை. நம்முடைய இயந்திரம் இதற்கு முன் எத்தனையோ போட்டியைப் பார்த்திருக்கிறது என்று கம்பெனி இருந்துவிட்டது.

1924 கிறிஸ்துமஸ் வந்தது. விற்பனை சரிந்தது. கடைகளில் பெட்டிகள் தேங்கின.

*

குழலின் வாயில் ஓர் இசைக்குழு

அன்றைய ஒலிப்பதிவு அறைக்குள் ஒரு நிமிடம் நின்று பார்ப்போம்.

சுவரிலிருந்து ஒரு கூம்புக் குழலின் வாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் சிறு முனையில் ஒரு மெல்லிய தகடு, தகட்டில் ஒட்டிய ஓர் ஊசி, ஊசியின் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. மின்சாரம் இந்தப் பாதையில் எங்குமே கிடையாது. பாடுபவரின் மூச்சில் உள்ள ஆற்றல்தான் மெழுகைக் கீற வேண்டும்.

அதனால் எல்லோரும் குழலின் வாயை நெருங்கி நிற்பார்கள். உச்சஸ்தாயி வரும்போது பாடகர் பின்னால் நகர வேண்டும், இல்லாவிட்டால் ஊசி வரி தாண்டிவிடும். வயலின் எடுபடாது. மரப்பெட்டிக்குப் பதிலாக உலோகக் குழல் பொருத்திய ஸ்ட்ரோ வயலினை வாசிப்பார்கள். டபுள் பேஸின் கீழ்ச்சுரம் பதியவே பதியாது, அந்த இடத்தில் டியூபா ஊதுவார்கள். ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற சீறும் ஒலிகள் தட்டில் தங்குவதில்லை.

கீழே நொடிக்குச் சுமார் 250 அதிர்விலிருந்து மேலே சுமார் 2,500 வரை. கேட்கக் கிடைத்தது அவ்வளவுதான். அந்த வீச்சுக்குள்ளும் சமத்துவம் இல்லை. தகட்டுக்கும் ஊசிக்கும் குழலுக்கும் தனித்தனி ஒத்ததிர்வு உண்டு. அந்தச் சுரம் வந்தால் பெட்டி அலறும், பக்கத்துச் சுரம் வந்தால் முனகும்.

இதைச் சரிசெய்ய 30 ஆண்டுகளாகக் கைவேலைக்காரர்கள் முயன்றுகொண்டிருந்தார்கள். தகட்டைச் சுரண்டிப் பார்ப்பார்கள், ஊசிக் கையின் நீளத்தைக் கூட்டிக் குறைப்பார்கள், கேட்டுப் பார்ப்பார்கள், மறுபடி சுரண்டுவார்கள். ஒரு சுரத்தின் அலறலை அடக்கினால் இன்னொன்று தலைதூக்கும். ஏன் என்று சொல்ல அவர்களிடம் கணக்கு இல்லை.

*

வெஸ்ட் ஸ்ட்ரீட், எண் 463

நியூயார்க்கில் ஹட்சன் நதியைப் பார்த்தபடி நின்ற அந்தக் கட்டடத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் பொறியியல் பிரிவு இயங்கியது. 1925 ஜனவரி 1 முதல் அதற்குப் புதுப்பெயர்: பெல் டெலிபோன் லேபரட்டரீஸ்.

தொலைபேசிக் கம்பெனிக்கு இசைத்தட்டில் என்ன அக்கறை? பேச்சு எப்படிப் போகிறது, காது எப்படிக் கேட்கிறது என்று ஆராய அவர்களுக்குப் பழுதில்லாத ஒலிப்பதிவு தேவைப்பட்டது. ஆராய்ச்சிக்காகத் தொடங்கியது, வழியில் வியாபாரமாயிற்று.

பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. எட்வர்ட் வென்ட் 1916 வாக்கில் செய்த மின்தேக்கி மைக், ஒலியை ஏறத்தாழ அப்படியே மின்னோட்டமாக மாற்றியது. 1915-இல் நியூயார்க்கையும் சான்ஃபிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசித் தடத்துக்காகச் செம்மைப்படுத்திய வெற்றிடக் குழாய் பெருக்கிகள், எவ்வளவு மெலிந்த மின்னோட்டத்தையும் ஊதிப் பெருக்கின. இனிப் பாடகர் குழலுக்குள் தலையை விட வேண்டாம்.

ஆனால் மைக்கும் பெருக்கியும் எவ்வளவு நேர்மையாக வேலை செய்தாலும் கடைசியில் ஓர் எஃகு ஊசி மெழுகைக் கீறியாக வேண்டும். வீட்டில் இன்னோர் ஊசி அந்தக் கீறலை வாசித்தாக வேண்டும். இரண்டு இடத்திலும் நிறை உண்டு, ஸ்பிரிங் உண்டு, ஒத்ததிர்வு உண்டு. பழைய பேய் வாசலில் நின்றது.

இந்தக் கடைசி முழத்தை எடுத்துக்கொண்டவர்கள் இருவர்: ஜோசப் மாக்ஸ்ஃபீல்ட், ஹென்றி ஹாரிசன்.

*

பெயர் மாற்றிய வடிகட்டி

அவர்கள் செய்த முதல் வேலை, ஊசியையும் தகட்டையும் ஒரு மின்சுற்றாக வரைந்தது.

விசையை மின்னழுத்தம் என்று எழுதினார்கள். நகரும் வேகத்தை மின்னோட்டம் என்று எழுதினார்கள். நிறை தூண்டுச்சுருளாயிற்று, இரண்டுமே ஓட்டம் மாறுவதை எதிர்க்கின்றன. ஸ்பிரிங்கின் இளக்கம் மின்தேக்கியாயிற்று. இரண்டுமே வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தருகின்றன. உராய்வு மின்தடையாயிற்று, இரண்டுமே ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன.

இது வெறும் சாயல் என்று நினைத்தால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பிரிங்கில் தொங்கும் நிறையை நான்கு மடங்காக்கினால் அது ஆடும் அதிர்வெண் பாதியாகும். மின்சுற்றில் தூண்டுச்சுருளின் மதிப்பை நான்கு மடங்காக்கினால் அதன் அதிர்வெண்ணும் சரியாகப் பாதியாகும். சமன்பாட்டில் எழுத்துகள்தான் வேறு.

எழுத்து மட்டும்தான் வேறு என்றால், ஒரு பக்கத்தில் கண்டுபிடித்த எதையும் மறுபக்கத்துக்கு அப்படியே தூக்கிப் போகலாம். 1925-இல் மின்னியல் பக்கத்தில் சரக்கு குவிந்து கிடந்தது. மாறுமின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் மொத்த எதிர்ப்பைக் குறிக்கும் ஹெவிசைடின் இம்பீடன்ஸ் இருந்தது. 1917-இல் காப்புரிமை பெற்ற கேம்பெல்லின் வடிகட்டி இருந்தது. ஒரே கம்பியில் பல உரையாடல்களை ஒன்றோடொன்று கலக்காமல் அனுப்ப அந்த வடிகட்டியை வைத்து அன்றாடம் வேலை நடந்தது. கணக்குகள் கைப்பழக்கமாகிவிட்டிருந்தன.

வடிகட்டியின் விசேஷம் இது. ஒரு நிறையும் ஒரு ஸ்பிரிங்கும் மட்டும் இருந்தால் ஒரு சுரத்துக்குத்தான் இடம். அந்தச் சுரம் அலறும், மற்றவை அடங்கும். ஆனால் நிறை, ஸ்பிரிங், நிறை, ஸ்பிரிங் என்று சரியான விகிதத்தில் தொடுத்துக்கொண்டே போனால் ஒத்ததிர்வுகள் பரவி ஒன்றோடொன்று கைகோக்கும். ஓர் எல்லை வரை எல்லாச் சுரமும் ஏறத்தாழச் சமமாகக் கடந்து போகும்.

அதாவது, ஒத்ததிர்வை ஒழிக்க வேண்டியதில்லை. சரியான எண்ணிக்கையில், சரியான இடத்தில் வைத்தால் போதும். கைவேலைக்காரர்கள் 30 ஆண்டுகளாக எதிரியாக நினைத்து விரட்டியதை இவர்கள் வேலைக்கு வைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மணி கோத்த நூலிலிருந்து பூப்பினின் சுருள், சுருள் செருகிய கம்பியிலிருந்து கேம்பெல்லின் வடிகட்டி. இப்போது அந்த வடிகட்டி, மறுபடியும் நிறையும் ஸ்பிரிங்குமாக, பிறந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

*

முடிவில்லாத கம்பி

ஒரு நிபந்தனை மிச்சம் இருந்தது. அதில்தான் எல்லாம் தொங்கியது.

தடித்த கயிற்றோடு மெல்லிய கயிற்றை முடிந்து ஒரு நுனியைப் பிடித்து உதறினால், முடிச்சு வரை ஓடும் அலையில் ஒரு பகுதி அங்கே மோதித் திரும்பிவிடும். மின்சுற்றிலும் அப்படித்தான். வடிகட்டியின் கடைசியில் அதற்குப் பொருத்தமான ஒரு மின்தடை இருக்க வேண்டும். வருகிற அலையை முழுவதுமாக விழுங்க வேண்டும். விழுங்காவிட்டால் அலை திரும்பும், முன்னால் வருவதோடு மோதும், அலறலும் முனகலும் பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மின்சுற்றில் இது பிரச்சினையே இல்லை. அலமாரியைத் திறந்து ஒரு மின்தடையை எடுத்துச் செருகலாம்.

இயந்திரத்தில் எங்கே போவது? தேவை தூய உராய்வு. எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எண்ணெய் வைத்தால் குளிரில் ஒரு குணம், வெயிலில் ஒரு குணம். ரப்பர் துண்டை அழுத்தி வைத்தால் அது உராய்வு மட்டும் தராது, கூடவே ஸ்பிரிங்காகவும் நடந்துகொள்ளும். அதற்கு நிறையும் உண்டு. ஒன்று கேட்டால் மூன்று வந்து நிற்கும்.

விடை மறுபடி தொலைபேசிக் கம்பியிலிருந்து வந்தது.

முடிவே இல்லாத ஒரு நீளக் கம்பியின் முனையில் நின்று மின்சாரத்தை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அனுப்பிய அலை போய்க்கொண்டே இருக்கும், திரும்பவே திரும்பாது. அனுப்புகிறவரின் பார்வையில் அந்தக் கம்பிக்கும் ஒரு சாதாரண மின்தடைக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டுமே கொடுத்ததை விழுங்கிவிடுகின்றன. கம்பிக்குள் தூண்டலும் தேக்கமும் நிறைந்திருந்தாலும், வாசலில் நிற்பவருக்குத் தெரிவது தடை மட்டும்தான். தொலைபேசிப் பொறியாளர்களுக்கு இது பாலபாடம்.

அப்படியானால் தூய உராய்வைத் தேட வேண்டாம். முடிவில்லாததுபோல் நடந்துகொள்ளும் ஒரு பொருள் போதும்.

ஹாரிசனின் வெட்டும் கருவியில் அது ஒரு ரப்பர் தண்டாக வந்தது. ஏறத்தாழ ஒரு சாண் நீளம். மின்காந்தத்தின் இழுப்பில் ஆர்மேச்சர் அசையும், அதோடு சேர்ந்த மெல்லிய தண்டு முறுகும், மறுபக்கம் ஊசி மெழுகை வெட்டும். அந்தத் தொடரின் கடைசியில் ரப்பர் தண்டு. ரப்பருக்குள் முறுக்கு அலை மெதுவாகத்தான் நகரும், எஃகில் போகும் வேகத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. போகும் வழியிலேயே தேயவும் செய்யும். தண்டின் கடைசி வரை போய்த் திரும்பி வருவதற்குள் சொல்லும்படி எதுவும் மிஞ்சாது.

ஒரு சாண் ரப்பர், ஊசிக்கு முடிவில்லாத நீளமாயிற்று.

இங்கே சற்று நிற்கலாம். சாயலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது. நிறை தூண்டுச்சுருள் மாதிரி என்பது பாடப்புத்தகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லும் விளக்கம். முனையில் மின்தடை வேண்டும், கிடைக்கவில்லை, நீளக் கம்பியும் மின்தடைதான், நீளக் கம்பிக்கு இயந்திரத்தில் என்ன பெயர் என்று நான்கு அடி நடந்து ரப்பரில் வந்து நிற்பது வேறு விஷயம். ஒப்புமை இங்கே விளக்கவில்லை, வடிவமைத்தது.

*

உள்ளே கம்பி இல்லை

பதிவு முடிந்தது. தட்டு வீட்டுக்குப் போகிறது. அங்கே இன்னும் பெரிய ஆச்சரியம்.

விக்டருக்காக உருவான புதிய ஆர்த்தோஃபோனிக் விக்ட்ரோலா சாவி கொடுத்தால் ஸ்பிரிங் மோட்டாரில் சுற்றும் பெட்டி. ஒலி வரும் பாதையில் குழாய் பெருக்கி கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, ஒரு கம்பிகூடக் கிடையாது. ஆனால் ஊசி முதல் குழலின் வாய் வரை ஒவ்வொரு துண்டும் மின்சுற்றாக வரைந்து கணக்குப் போட்டுச் செய்தவை.

ஊசிக் கையின் நிறை ஒரு தூண்டுச்சுருள். அதைத் தகட்டோடு இணைத்த, சிலந்திக் கால்கள் போல் பிரியும் சிறு உலோக அமைப்பின் இளக்கம் ஒரு மின்தேக்கி. தாள் போன்ற அலுமினியக் கலவைத் தகட்டின் நிறை அடுத்த தூண்டுச்சுருள். தகட்டுக்கு முன்னால் அடைபட்ட காற்று அடுத்த மின்தேக்கி.

கடைசியில் வேண்டிய மின்தடை? இங்கே ரப்பர் உதவாது. ஆற்றலை ரப்பரில் கொட்டிவிட்டால் கேட்பவருக்கு என்ன மிஞ்சும்?

குழல்தான் அந்தத் தடை. சம தூரத்துக்கு ஒருமுறை பரப்பு இரட்டிப்பாகும்படி விரியும் எக்ஸ்போனென்ஷியல் குழலுக்குள் தள்ளிய காற்றலை, ஓர் அதிர்வெண்ணுக்கு மேலே, திரும்பாமல் வெளியே போய்விடும். தகட்டின் பார்வையில் அது தூய தடை. அது விழுங்கும் ஆற்றல்தான் அறையில் இசையாகக் கேட்கிறது. ஆனால் கீழ்ச்சுரங்களும் கடந்து போக வேண்டுமானால் குழல் மெதுவாக விரிய வேண்டும், வாயும் அகலமாக இருக்க வேண்டும். அதாவது ஓர் ஆள் உயரத்துக்கு நீள வேண்டும். வரவேற்பறையில் அப்படி ஒன்றை நிறுத்த முடியாது. ஆகவே மடித்து மடித்து மரப்பெட்டிக்குள் அடைத்தார்கள். ‘கிரெடென்சா’ என்ற அந்தப் பெரிய பெட்டியின் வயிறு முழுவதும் மடித்த குழல்தான்.

*

ரகசியமும் விருந்தும்

1925 தொடக்கத்தில் விக்டர் கம்பெனி இறங்கி வந்தது. கேம்டனில் சோதனைப் பதிவுகள் நடந்தன. வசந்தத்துக்குள் விக்டரும் அதன் போட்டியாளர் கொலம்பியாவும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கோடு ஒப்பந்தம் செய்துகொண்டன.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஸ்டகோவ்ஸ்கியின் தலைமையில் ஃபிலடெல்ஃபியா இசைக்குழு மைக் முன்னால் வாசித்துப் பதிவு செய்தது. மார்ச் மாதம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா ஹவுஸில் பெரும் பாடகர் கூட்டம் ஒன்று பாடியதைக் கொலம்பியா அப்படியே பிடித்தது. குழலின் வாய்க்கு அவ்வளவு பேரையும் எப்படிக் கொண்டுவந்திருக்க முடியும்?

ஆனால் பல மாதங்கள் வெளியே மூச்சு விடவில்லை. கிடங்கில் பழைய முறைத் தட்டுகளும் பழைய பெட்டிகளும் மலைபோல் கிடந்தன. புதியது வந்துவிட்டது என்று சொன்னால் அவற்றை யார் வாங்குவார்கள்? புதுமுறைத் தட்டுகள் வாய்திறவாமல் கடைக்கு வந்தன. வாங்கியவர்கள் பழைய பெட்டியில் போட்டு, ஏதோ சத்தம் கூடுதலாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 6 அன்று நியூயார்க்கின் வால்டோர்ஃப்-அஸ்டோரியா ஓட்டலில் இசைக்கலைஞர்களையும் பத்திரிகைக்காரர்களையும் அழைத்துப் புதிய பெட்டியை ஒலிக்கவிட்டார்கள். நவம்பர் 2 அன்று நாடு முழுவதும் கடைகளில் ‘விக்டர் நாள்’ கொண்டாடினார்கள். கே.டி.கே.ஏ. வாயைத் திறந்து அன்றோடு சரியாக ஐந்து ஆண்டுகள்.

கேட்கக்கூடிய வீச்சு இப்போது ஏறத்தாழ 100-இலிருந்து 5,000 வரை. டபுள் பேஸ் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. ‘ஸ்’ கேட்டது.

1926-இல் மாக்ஸ்ஃபீல்டும் ஹாரிசனும் தங்கள் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஊசியின் படமும், அதற்கு இணையான மின்சுற்றின் படமும் அதில் இருந்தன. அதுவரை மின்சாரத்தை இயந்திரத்தால் விளக்கிக்கொண்டிருந்த பொறியியல் உலகம், இயந்திரத்தை மின்சாரத்தால் வடிவமைக்கத் தொடங்கியதற்கு அதைவிடத் தெளிவான பத்திரம் வேறில்லை.

*

லண்டனில் ஒரு குறுக்குவழி

ரப்பர் தண்டுக்குக் காப்புரிமை இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் கட்டணம் போய்க்கொண்டிருந்தது. லண்டனில் கொலம்பியா கம்பெனி, அதைத் தவிர்க்க ஆலன் பிளம்லைன் என்ற இளம் பொறியாளரை 1929-இல் வேலைக்கு வைத்தது.

அவர் ரப்பரைத் தொடவே இல்லை. காந்தப் புலத்துக்குள் நகரும் ஒரு சுருளால் ஊசியை அசைத்தார். புலத்துக்குள் நகரும் சுருளில் தானாகவே மின்னழுத்தம் பிறக்கும். அந்த மின்சாரத்துக்கு வெளியே ஒரு பாதை கொடுத்தால் அது சுருளின் அசைவை எதிர்க்கும். ஊசிக்கு வேண்டிய உராய்வு இப்போது மின்சுற்றுக்குள் குடியிருந்தது. இயந்திரத்தில் கிடைக்காத மின்தடையை மின்சுற்றிலிருந்தே கடனாக எடுத்து ஊசிக்குக் கொடுத்துவிட்டார்.

இந்த நகரும் சுருளைக் கவனித்துப் பார்த்தால் ஓர் உறுத்தல் தட்டும். சுருளில் மின்னோட்டம் விட்டால் விசை பிறக்கிறது. சுருளை வேகமாக நகர்த்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது.

விசைக்கு இணை மின்னழுத்தம் என்றுதானே இத்தனை வாரமாகச் சொல்லி வந்தோம்? இந்தச் சுருள் விசையை மின்னோட்டத்தோடு அல்லவா சேர்த்து வைக்கிறது!

*

மிச்சிகனில் ஒரு சந்தேகம்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிளாய்ட் ஃபயர்ஸ்டோன் 1933-இல் வெளியிட்ட கட்டுரை, அகஸ்டிக்கல் சொசைட்டி ஆஃப் அமெரிக்காவின் இதழில் வந்தது. பழைய ஒப்புமையில் தவறில்லை, ஆனால் அது குறுக்கே தைத்த சட்டை என்பது அதன் சாரம்.

மாக்ஸ்வெல் வழியில் மின்சுற்று வரைந்தால், இயந்திரத்தில் பக்கம் பக்கமாக நிற்பவை சுற்றில் தொடராகிவிடும், தொடராக நிற்பவை பக்க இணைப்பாகிவிடும். விடை சரியாக வரும், ஆனால் படம் இயந்திரத்தைப் போல இருக்காது.

ஃபயர்ஸ்டோன் அளக்கும் கருவிகளைக் கவனிக்கச் சொன்னார். மின்னோட்டத்தை அளக்கக் கம்பியை வெட்டி அம்மீட்டரை நடுவே செருக வேண்டும். விசையை அளக்கவும் தண்டை வெட்டி அளவியை நடுவே செருக வேண்டும். மின்னழுத்தத்துக்கு எதையும் வெட்ட வேண்டாம், இரு முனைகளைத் தொட்டால் போதும். வேகத்துக்கும் அப்படியே, இரு புள்ளிகளைத் தொட்டு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேகம் என்று பார்த்தால் போதும்.

ஆகவே விசை மின்னோட்டம். வேகம் மின்னழுத்தம். இப்படி எழுதினால் இயந்திரத்தின் படமும் சுற்றின் படமும் ஒரே வடிவில் வரும். ஜெர்மனியில் வால்டர் ஹேன்லே 1932-இலேயே இதே முடிவுக்கு வந்திருந்தார்.

இதற்கு ஒரு விலை உண்டு. தலைகீழாக்கியதும் நிறை தூண்டுச்சுருளாக இருக்க முடியாது. அது மின்தேக்கியாகிவிடும்.

70 ஆண்டு காலம் மின்சாரத்தின் நிலைமத்துக்கு எடுத்துக்காட்டாக நின்ற நிறை, ஒரு கட்டுரையில் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. எது உண்மை? கணக்கு இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. ஹாரிசனின் ரப்பர் தண்டை எந்த வழியில் எழுதினாலும் ஊசி ஒரே மாதிரிதான் ஆடும். நிறை உண்மையில் எது என்பது சுற்றுக்குத் தெரியாது, அதற்குத் தேவையும் இல்லை.

ஆனால் ஃபயர்ஸ்டோனின் படத்தில் ஒரே ஓர் இடம் கோணலாக இருந்தது.

மின்தேக்கிக்கு இரண்டு முனை. இரண்டையும் சுற்றில் எங்கே வேண்டுமானாலும் இணைக்கலாம். ஸ்பிரிங்குக்கும் இரண்டு முனை, உராய்வுக்கும் இரண்டு முனை. நிறைக்கோ கண்ணுக்குத் தெரிவது ஒரு முனைதான். அதன் வேகத்தை எதிலிருந்து அளப்பது? அசையாத தரையிலிருந்து. ஆகவே இந்தப் படத்தில் நிறையின் இன்னொரு முனை எப்போதும் தரையோடு கட்டிக் கிடக்கிறது. அதை அவிழ்க்க முடியாது. தரையோடு சேராத மின்தேக்கி மின்சுற்றில் சர்வ சாதாரணம். இயந்திரத்திலோ அதற்கு இணையான உறுப்பு எதுவும் அன்று இருக்கவில்லை.

வெறும் வெற்றிடமா, அல்லது யாரும் இன்னும் செய்து பார்க்காத ஒரு கருவிக்கான காலி நாற்காலியா?

ஏறத்தாழ 70 ஆண்டுகள் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. பிறகு கேம்பிரிட்ஜில் ஒருவர் அதன் முன்னால் வந்து நின்றார். அவர் செய்த உறுப்பு, பெயரை மறைத்துக்கொண்டு ஒரு பந்தயக் காருக்குள் போய் உட்கார்ந்தது. தரையோடு கட்டாத நிறையை எப்படிச் செய்வது?

(அடுத்த வாரம்)